இறுக்கம் தளர்ந்து வரைவதும் ஒளியோடு சோதனை செய்வதும்: குமரி மாவட்டத்தில் தொடங்குபவர்களுக்கான கேள்வி பதில்கள்

நீண்ட காலமாகப் படம் வரைபவர்கள், நல்ல கேமரா வைத்திருப்பவர்கள், இரண்டும் இல்லாமல் ஆசை மட்டும் உள்ளவர்கள் என மூன்று தரப்பினரும் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து, எனக்குப் பயன்பட்ட வழிகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இறுக்கமில்லாத பயிற்சி என்று எதைச் சொல்கிறீர்கள்?

படம் எப்படி முடிய வேண்டும் என்று தொடங்கும் முன்பே தீர்மானித்துவிட்டால், கை அந்த முடிவைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கும். கன்னியாகுமரிக்கு வந்து திருவள்ளுவர் சிலையை வரைபவர்களைக் கவனித்துப் பாருங்கள். 133 அடிச் சிலை ஏற்கெனவே அஞ்சலட்டையாகவும் நாட்காட்டிப் படமாகவும் மனத்தில் பதிந்திருப்பதால், அவர்கள் கடலைப் பார்க்கும் நேரத்தைவிட அழிப்பானைத் தேடும் நேரம் அதிகமாகிறது. வீட்டுக்குக் கொண்டுபோவது, புறப்படும்போதே தெரிந்திருந்த படத்தின் இன்னொரு பிரதியைத்தான்.

நான் சொல்லும் பயிற்சியில் முடிவின் ஒரு பகுதியை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். சில நேரம் கடிகாரத்துக்கும், சில நேரம் பழகாத கைக்கும், சில நேரம் வெயிலுக்கோ காற்றுக்கோ தண்ணீருக்கோ அதைக் கொடுக்கலாம். எதை விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் தெளிவாக முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால் கிறுக்கல் மிஞ்சும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் முழுக்கவனம் வைத்தால் எதிர்பாராத ஒன்று கிடைக்கும்.

எனக்கு வரையவே தெரியாது. முதலில் முறையாகக் கற்றுக்கொண்டு, பிறகு இதற்கு வரலாமா?

காத்திருக்கத் தேவையில்லை. முறையான பயிற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அளவும் தோற்ற ஆழமும் தெரிந்தவர்களுக்குத் தளர்ந்த கோட்டிலும் உறுதி இருக்கும். ஆனால் பார்ப்பதற்கான பழக்கம் முதல் நாளிலிருந்தே தொடங்கக்கூடியது; அதற்கு முன்தகுதி எதுவும் வேண்டாம். சொல்லப்போனால், வரையக் கற்றவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகச் சிரமம் தருகிறது, ஏனென்றால் அவர்களுடைய கை ஒரு கண்ணையோ தென்னையையோ பார்க்காமலே வரைந்துவிடும்.

வரையும்போது கை இறுகிவிடுகிறது. முதல் வாரங்களில் என்ன செய்வது?

தாளைப் பார்க்காமல் வரைவதிலிருந்து தொடங்குங்கள். இதற்கு மேற்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு ரப்பர் மரத்தைவிடச் சிறந்த பொருள் கிடைக்காது. பால் வெட்டிய பட்டையின் அருகே போய் நின்று பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்ந்து இறங்கும் வெட்டு, அதன் ஓரமாக நூல்போல ஓடும் வெள்ளைப் பால், தகரத் துண்டின் நுனியில் ஒரு கணம் தயங்கிப் பிறகு சிரட்டையில் விழும் சொட்டு, வெட்டுக்குக் கீழே முன்பு வழிந்து காய்ந்து பழுப்பேறிய ஒட்டுப்பால், மேலே பழைய வெட்டுகள் ஆறிய பட்டையின் மெல்லிய வரிகள் என்று பார்ப்பதற்கு அவ்வளவு இருக்கிறது. பேனாவைத் தாளில் வைத்துவிட்டு, கண்ணை அந்த வெட்டின் மேல்முனையில் வையுங்கள். கண் ஊர்ந்து போகும் வேகத்தில் பேனாவும் ஊரட்டும். சிரட்டையின் விளிம்பைச் சுற்றி முடிக்கும் வரை தாளைப் பார்க்கக் கூடாது. கிடைக்கும் படத்தில் சிரட்டை மரத்தைவிட்டு விலகி மிதக்கலாம். கோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். ஆனால் பால் வழிந்த அந்த ஒரு கோட்டில் நீங்கள் உண்மையில் பார்த்தது இருக்கும். தினமும் இப்படி ஒரு படம் போதும்.

இரண்டாவது பயிற்சி நேரத்தைக் கட்டுப்படுத்துவது. கரையில் நின்று கரைமடி வலை இழுக்கும் இடம் இதற்கு மிகவும் ஏற்றது. வலையின் இரு பக்கக் கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கிச் சாய்ந்து இழுப்பார்கள். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், தவறவிட்ட சாய்வு அடுத்த இழுப்பில் மறுபடியும் கிடைக்கும். ஓர் உருவத்துக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம், விரல், உடை எதுவும் வேண்டாம். குதிகாலிலிருந்து இடுப்பு வழியாகத் தோள் வரை உடலின் எடை எந்தக் கோட்டில் செல்கிறது என்பதை மட்டும் ஒரே இழுப்பில் போடுங்கள். பிறகு கயிறு. ஒரு பக்கம் முழுவதும் இப்படிப்பட்ட சாய்கோடுகள் நிறைந்தபின் பார்த்தால், யார் புதிதாக இழுப்பவர், யார் பழகியவர் என்பதுகூடக் கோட்டில் தெரிந்துவிடும். கடற்கரைக்குப் போக முடியாதவர்கள் வடசேரிப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தால் போதும். அங்கே யாரும் அரை நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருக்கப் போவதில்லை.

எழுதாத கையால் வரைவது, பேனாவைத் தூக்காமல் ஒரே கோட்டில் முடிப்பது ஆகிய இரண்டும் நல்ல பயிற்சிகளே. இவற்றை ஒருநாளைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்தத் தாள், எந்தப் பேனா வாங்குவது?

விலை உயர்ந்த தாள் கையை இறுக்கிவிடும் என்பது என் கருத்து. கட்டாக வாங்கிய சாதாரணத் தாளும், ஒரு பால்பாயின்ட் பேனாவும் தொடக்கத்துக்குத் தாராளம். பேனாவுக்கு அழிப்பான் கிடையாது என்பதே அதன் சிறப்பு.

கொஞ்சம் பழகியபின் கருவிகளை நீங்களே செய்யலாம். பென்சில் பருமனுள்ள புளியங்குச்சிகளைத் தோல் நீக்கி, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் நெருக்கி அடைத்து, அடுப்பில் வையுங்கள். துளை வழியாக வரும் புகை முற்றிலும் நின்றபின் இறக்கி, டப்பா நன்றாக ஆறியபிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் எரிந்து சாம்பலாகிவிடும். அருமையான வரைகரி கிடைக்கும். மைக்கு, நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடுக்காய்த் தோலை இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டிய நீரில் சிறிது அன்னபேதியைக் கரைத்தால், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் வினைபுரிந்து கருமையாகும். தாளில் இட்டபோது வெளிறித் தெரியும் கோடு காற்றுப் பட்டபின் கறுத்துவரும். வரையும்போது முழுக் கருமை தெரியாத அந்த மை, முடிவை உடனே மதிப்பிடும் பழக்கத்திலிருந்து நம்மை விடுவிக்கிறது. நாணல் தண்டைச் சாய்வாகச் சீவினால் எழுதுகோலும் தயார்.

செல்போன் கேமரா மட்டும் இருக்கிறது. அதில் சோதனைகள் செய்ய முடியுமா?

நிச்சயமாக முடியும். ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திறப்பு) திறந்திருக்கும் நேரத்தை நாமே வைக்கும் ‘புரோ’ முறை உங்கள் போனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதற்கான செயலி கிடைக்கும். கால் நொடியிலிருந்து ஒரு நொடி வரை ஷட்டர் திறந்திருக்கும்போது போனை வேண்டுமென்றே அசைப்பதுதான் சோதனை. மேலிருந்து கீழாக அசைத்தால் தென்னந்தோப்பு செங்குத்துப் பட்டைகளாகும். கிடையாக அசைத்தால் கடலும் வானமும் நீளமான நிற அடுக்குகளாகும்.

நடுப்பகலில் இது கைகூடாது. சாதாரணக் கேமராவில் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100 என்றும், ஒளி புகும் துளையை எஃப் 16 என்று சிறிதாகவும் வைத்தால்கூட, நல்ல வெயிலில் ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் திறந்திருக்க வேண்டும். கால் நொடிக்கு வர ஏறத்தாழ ஐந்து படி (ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைக்கும் என்.டி. பில்டர் என்ற கருநிறக் கண்ணாடி வேண்டும். போனின் துளை அகலமானது, பெரும்பாலும் மாற்ற முடியாதது என்பதால் சிக்கல் இன்னும் அதிகம். ஆகவே அதிகாலையையும் அந்திக்குப் பிந்தைய நேரத்தையும் தேர்ந்தெடுங்கள். விடியுமுன் தோவாளைப் பூச்சந்தை இதற்குப் பொன்னான இடம். மின்விளக்கின் கீழ் பிச்சியின் வெள்ளையும் கேந்தியின் மஞ்சளும் அரளியின் சிவப்பும் குவிந்திருக்க, அவற்றுக்கிடையே ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். போனை ஒரு மூட்டைமேல் அசையாமல் வைத்து ஒரு நொடி திறந்தால், பூக்குவியல் தெளிவாக நிற்கும், மனிதர்கள் புகைபோல் கடந்துபோவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகளையும் இதே முறையில் முயன்று பாருங்கள்.

ஒரே சட்டத்தில் இரண்டு மூன்று காட்சிகளை அடுக்குவது மற்றொரு முறை. 1966இல் கட்டி முடிக்கப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலம், பறளியாற்றின் மேலே 28 தூண்களில், அதிகபட்சம் 115 அடி உயரத்தில், வாய்க்கால் நீரைச் சுமந்து நிற்கிறது. கீழிருந்து ஒரு படம், பத்தடி நகர்ந்து இன்னொரு படம் என்று எடுத்து இரண்டையும் பாதி ஒளி ஊடுருவும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். தூண்களின் வரிசை கலைந்து புதிய ஒரு தாளம் உண்டாகும். அதைப் பார்த்துப் பிறகு வரையவும் தோன்றும்.

கேமராவே இல்லாமல் ஒளிப்படம் எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம். இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கறை துவைத்தும் போகாவிட்டால் வெயிலில் காயப்போடுவார்கள், கறை வெளுத்துவிடும். மஞ்சளின் நிறப்பொருள் ஒளியில் சிதைவதுதான் காரணம். மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். இந்த இரண்டு உண்மைகளை வைத்து ஒரு படம் செய்துவிடலாம். மஞ்சள்தூளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில், அருகே நெருப்பில்லாமல் பார்த்துக்கொண்டு, கரைத்து வடிகட்டி, தடித்த தாளில் தூரிகையால் பூசி நிழலில் உலர்த்துங்கள். அதன்மேல் ஒரு பெரணி இலையையோ வேப்பங்கொத்தையோ வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். திறந்த பகுதி வெளிறியபின் இலையை எடுத்துவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரத்தை (போராக்ஸ்) நீரில் கரைத்து மேலே பூசினால், இலை மறைத்த இடம் மட்டும் செம்பழுப்பாக எழுந்து நிற்கும். இந்தப் படத்தை நிலைநிறுத்த வழியில்லை. வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல மறையும். புத்தகத்துக்குள் வைத்து, வேண்டும்போது எடுத்துப் பாருங்கள்.

நிலைத்து நிற்க வேண்டுமென்றால் சயனோடைப் என்ற நீலப்பட முறை இருக்கிறது. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இதில் பதிவு செய்யத் தொடங்கினார். 100 மி.லி. நீரில் 25 கிராம் பெரிக் அமோனியம் சிட்ரேட், வேறொரு 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் பெரிசயனைடு என இரண்டையும் தனித்தனியே கரைத்து இருட்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது சம அளவில் கலந்து, மங்கிய விளக்கொளியில் தாளில் பூச வேண்டும். உலர்ந்தபின் பொருளை வைத்து வெயில் காட்டினால், நம் ஊர் உச்சி வெயிலுக்குச் சில நிமிடங்களே போதும். பிறகு மஞ்சள் நிறம் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். நீலம் மறுநாள் வரை ஆழமாகிக்கொண்டே வரும்.

நம்மிடம் இருக்கும் பொருள்தான் நம் நற்பேறு. முட்டத்திலும் கன்னியாகுமரியிலும் பாறைகளை அடுத்துக் கரை ஒதுங்கும் பாசியை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்தோடு தாளில் பரப்பிப் பாருங்கள். ஈரம் ஊறிய இடங்களில் நீலம் கசிந்து, உலர்ந்த பாசியில் வராத விளிம்புகள் தோன்றும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காரத்தன்மையுள்ள கிணற்றுநீர் நீலத்தை வெளிறச் செய்யும், மழைநீரில் அலசினால் அந்தத் தொல்லை இல்லை. வேதிப்பொருள்களைக் கையுறையுடன் கையாளுங்கள், சமையல் பாத்திரங்களில் கலக்காதீர்கள். பெரிசயனைடை அடர் அமிலங்களோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. நச்சு வாயு உண்டாகும். பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் மஞ்சள் முறையோடு நிறுத்திக்கொண்டு, ஸ்பிரிட்டையும் வெங்காரத்தையும் பெரியவர்களே கையாளட்டும்.

வரைவதையும் ஒளிப்படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் பயிற்சி ஏதாவது உண்டா?

ஓர் அறையையே கேமராவாக மாற்றுங்கள். வெயில் படும் தோட்டத்தைப் பார்த்த சன்னல் உள்ள அறை வேண்டும். சன்னலைக் கறுப்புத் தாளால் முழுவதும் மூடி, கதவிடுக்குகளையும் அடைத்து, தாளின் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவு துளை போடுங்கள். எதிரே ஏழெட்டு அடி தள்ளி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை சில நிமிடங்கள் சும்மா நில்லுங்கள். முதலில் ஒரு பச்சை மூட்டம் தெரியும். பிறகு தென்னைகள் தலைகீழாகத் தொங்குவது தெரியவரும். ஓலைகள் அசைவதும், முற்றத்தில் நடப்பவர் மேல்பக்கமாகக் கடந்துபோவதும் வேட்டியில் ஓடும். ஒளி நேர்கோட்டில் செல்வதால், மேலிருந்து வரும் கதிர் துளையைக் கடந்து கீழே விழுகிறது, அவ்வளவுதான். பதினோராம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்ஹைதம் இதை ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்.

இப்போது வேட்டிமேல் சார்ட் தாளை ஒட்டி, கரித்துண்டால் அந்த ஒளியின்மீதே வரையுங்கள். ஓலை ஓயாமல் அசையும், மேகம் வந்தால் படம் மங்கும், உங்கள் கையின் நிழலே விழுந்து மறைக்கும். அப்படியே நகலெடுக்க முடியாத இந்த நிலையில், எதை எடுப்பது எதை விடுவது என்று கை தானாக முடிவெடுக்கத் தொடங்கும். விளக்கைப் போட்டுத் தாளைத் திருப்பிப் பார்க்கும்போது, நேரில் நின்று நீங்கள் ஒருபோதும் போட்டிருக்காத கோடுகள் அதில் இருக்கும்.

ஒளிப்படத்தைப் பார்த்து வரைவது தவறா?

தவறில்லை. ஆனால் படத்தைப் பக்கத்தில் வைத்து நகலெடுத்தால் கை மறுபடியும் இறுகும். ஒளிப்படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடிவைத்து, நினைவில் நிற்பதை மட்டும் வரையுங்கள். எதிர்த்திசையிலும் போகலாம்: முதலில் இடத்தை வரைந்து, அந்தக் கோட்டோவியம் எதைப் பிடித்துக்கொண்டதோ அதை மட்டும் கேமராவில் தேடுங்கள். நஸ்ரீன் முகமதி (1937–1990) மிக நுண்ணிய மைக்கோடுகளால் அறியப்பட்ட ஓவியர். அவர் தொடர்ந்து ஒளிப்படங்களும் எடுத்துவந்தார், ஆனால் வாழ்ந்த காலத்தில் அவற்றைக் காட்சிக்கு வைக்கவில்லை. சாலைக் கோடுகளையும் கட்டடங்களின் ஓரங்களையும் அவர் பார்த்த விதத்துக்கும் அவருடைய கோடுகளுக்கும் உள்ள உறவு இன்று பார்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

பயிற்சிக்கு எங்கே போகலாம்?

சூரிய உதயக் காட்சிமுனையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையை முதலில் சொல்வேன். மன்னரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் சன்னல்களில் பதித்த வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள் வழியாக வரும் ஒளியும், கண்ணாடிபோல் மெருகேறிய கறுப்புத் தரையில் மரச்சட்டங்கள் தலைகீழாகத் தெரிவதும், இருளிலிருந்து வரையக் கற்றுத்தரும். தாள் முழுவதும் கரியைப் பூசிவிட்டு, வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் அழிப்பானால் எடுத்து வரையுங்கள். அழிப்பானை நான் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் அது. அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. கரித்தூள் தரையில் விழாமல் பார்த்துக்கொள்வதும், கேமராவுக்கான விதிகளை வாயிலிலேயே கேட்டுக்கொள்வதும் நம் கடமை.

சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களுக்குப் பக்கவாட்டு வெயில் வேண்டும். தேரூர்க் குளக்கரை, மணக்குடிக் காயல் இரண்டிலும் பறவைகளை அரை நிமிடக் கோடுகளில் பிடிக்கலாம்.

பொது இடத்தில் வரைந்தால் கூட்டம் கூடிவிடுகிறது, கூச்சமாக இருக்கிறது.

சிறிய நோட்டாக வைத்துக்கொண்டு, சுவர் அல்லது மரத்தை ஒட்டி உட்காருங்கள். யாராவது எட்டிப் பார்த்தால் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும். கேமராவுக்கு இதைவிடக் கூடுதல் பொறுப்பு உண்டு. வலை இழுப்பவரும் பால் வெட்டுபவரும் பூக்கட்டுபவரும் வேலையில் இருப்பவர்கள், காட்சிப் பொருள்கள் அல்லர். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வழிபாட்டு இடங்களில் அங்குள்ள விதியே முடிவு.

மழைக்காலத்தில் எல்லாம் நின்றுவிடுகிறதே?

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் மாவட்டம் இது; மழைக்கு நின்றால் ஆண்டில் பாதி போய்விடும். கரையும் மையால் வரைந்த தாளை ஓட்டு இறவாரத்தின் கீழ் சாரலில் சில நொடிகள் பிடியுங்கள். எங்கே கரைய வேண்டும் என்பதை மழை முடிவு செய்யட்டும். மேகமூட்டத்திலும் புற ஊதாக் கதிர் வருவதால் சயனோடைப் செய்யலாம், நேரம் மட்டும் பல மடங்கு கூடும். பூசிய தாள் ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால் அன்றன்றே பயன்படுத்துங்கள். லென்சில் பூஞ்சை வராமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை வையுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் உப்பு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

நன்றாக வராத படங்களை என்ன செய்வது?

வரைந்த அன்றே தீர்ப்பு எழுதாதீர்கள். தேதியும் இடமும், எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதையும் பின்பக்கம் குறித்து ஒரு பெட்டியில் போடுங்கள்: ‘தாளைப் பார்க்கவில்லை’, ‘அரை நிமிடம்’, ‘ஈரப்பாசி, மேகம்’ என்ற அளவு போதும். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். அழகானவற்றைத் தேட வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒன்றைத் தேடுங்கள். சிலருக்குச் சாய்கோடு, சிலருக்கு விளிம்பில் விட்ட வெற்றிடம், சிலருக்கு நிழல். அது தெரிந்தபின் அடுத்த மாதம் முழுவதும் அதையே தொடருங்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியத் தொடரில் ஒரே மனிதர் எத்தனை விதமான கோடுகளில் வருகிறார் என்று பார்த்தால், ஒரே பொருளோடு தங்கியிருப்பதன் பலன் விளங்கும்.

வேலைக்குப் போய் வருபவருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நாள்தோறும் ஒரு படம், ஐந்து நிமிடம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே போதும். வெயில் வேண்டிய சோதனைகளை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மஞ்சள் பூசிய தாளைச் சனி இரவே உலர்த்தி இருட்டான அலமாரியில் வைத்துவிட்டால், காலையில் இலையை வைத்து மொட்டைமாடியில் விட்டுவிட்டு வீட்டு வேலைகளைப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் சரியாக இருக்கும்.